திருகோணமலையில் மாதம் ஒரு பின்னேரம்: பகுத்தறிவு வட்டம் ஒன்றை நடத்துவது எப்படி

முதல் கூட்டத்துக்கு நாங்கள் வைத்த தலைப்பு ‘கடவுள் உண்டா, இல்லையா?’. பதினொரு பேர் வந்தார்கள். அரை மணித்தியாலத்தில் சத்தம் தெருவுக்குக் கேட்டது, ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்கள், அடுத்த மாதம் மூன்று பேர்தான் இருந்தோம், அதிலும் ஒருவர் பிளேன்டீக்காக வந்தவர். ஆகவே இப்படி ஒரு வட்டம் தொடங்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அந்தத் தலைப்பைத் தொடாதீர்கள். அது பெரிய கேள்விதான், ஆனால் சனிக்கிழமை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் முடிகிற கேள்வி இல்லை. ‘கோல் பிடித்து நீரோட்டம் சொல்கிறவருக்கு உண்மையிலேயே தெரியுமா?’ என்பது முடிகிற கேள்வி. ஐந்து வாளியும் ஒரு தாயக்கட்டையும் இருந்தால் போதும். மாதம் ஒரு தடவை கூடுகிறவர்கள் முடிகிற கேள்வியாகப் பார்த்து எடுக்க வேண்டும். நாங்கள் இதைக் கண்டுபிடிக்க ஆறேழு மாதம் எடுத்தது.

இன்னொன்று, பெயர். ‘நாத்திகர் சங்கம்’ என்று பலகை எழுதினால் வருகிறவர்கள் எல்லாம் ஏற்கெனவே நாத்திகர்களாக இருப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவதற்கு ஏன் கூட்டம்? எங்களுடையதற்குப் பெயரே இல்லை, ‘சனிக்கிழமைக் கூட்டம்’ என்கிறோம். வெள்ளிக்கிழமை தவறாமல் பத்திரகாளி அம்பாளைக் கும்பிட்டுவிட்டு அடுத்த நாள் இங்கே வந்து சாத்திரக்காரரைக் கேள்வி கேட்கிற அக்கா ஒருவர் இருக்கிறார், எங்கள் எல்லாரையும்விட நல்ல கேள்வி அவருடையதுதான்.

இடம், நாள்

வெள்ளி சரிவராது, கோவிலும் ஜும்ஆவும். ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு அறநெறி வகுப்பு, கிறிஸ்தவர்களுக்குப் பூசை. போயா மாதா மாதம் வருகிற விடுமுறை, அதனால் ஆசை வரும். ஆனால் ஊருக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள், அதோடு ஒரு சமயத்தாரின் புனித நாளில்தான் நம்பிக்கைகளைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடுவோம் என்று நிற்பது தேவையில்லாத சீண்டல். இரண்டாவது சனி பின்னேரம் 4 மணி என்று வைத்துவிட்டு அதை மாற்றவே மாற்றாதீர்கள். ஒரு மாதம் மாற்றினால் அடுத்த மூன்று மாதமும் ‘எந்தச் சனி?’ என்று தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். பங்குனியில் கோணேசர் திருவிழா நாட்களில் மட்டும் விதிவிலக்கு வைக்கலாம், பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள்.

மண்டபம் வாடகைக்கு எடுக்க வேண்டாம். ஒருதடவை எடுத்தோம், காசையும் வாங்கிவிட்டு முதல் நாள் இரவு ‘உங்களுடைய விசயம் இப்போதுதான் தெரிந்தது’ என்று சொல்லிவிட்டார்கள். வீட்டு விறாந்தைதான் நல்லது. நாங்கள் உவர்மலையில் ஒரு நண்பரின் வீட்டில் கூடுகிறோம், அவருடைய அம்மா சாமியறையில் தினமும் விளக்கு வைக்கிறவர், எங்களுக்குத் தேநீரும் அவர்தான் போடுகிறார். பெப்ரவரியிலிருந்து செப்டெம்பர் வரை டச் பே கடற்கரையிலும் கூடலாம், கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் காகிதத்துக்கு மேலே கல் வைக்க மறக்கக்கூடாது. கல் வைத்தும் பிரயோசனமில்லாத ஒரு நாள் இருந்தது. பதில் எழுதி வைத்த தாள்களில் இரண்டை மான் தின்றுவிட்டது. நகரத்து மான்களுக்குப் பயமே இல்லை என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

கண்டதா, கேட்டதா

புதிதாக ஆட்கள் வருகிற மாதத்தில் இந்தப் பயிற்சியைச் செய்யுங்கள். 2011 ஓகஸ்டில் கிழக்கு முழுவதும் கிறீஸ் பூதக் கதை ஓடியது நினைவிருக்கும். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் பெண்களைத் தாக்குகிறான் என்று ஊர் ஊராகக் காவல் இருந்தார்கள், படையினரோடு மோதலும் வந்தது. அந்த நேரம் இங்கே இருந்தவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து நடுவில் கோடு போடச் சொல்லுங்கள். இடது பக்கம் ‘நான் கண்டது’, வலது பக்கம் ‘நான் கேட்டது’. பத்து நிமிடம். யாரும் யாருடனும் கதைக்கக்கூடாது.

நாங்கள் செய்தபோது வலது பக்கம் எல்லாருக்கும் நிரம்பி வழிந்தது. பாதத்தில் ஸ்பிரிங் கட்டியிருந்தான், கூரைக்குக் கூரை பாய்ந்தான், கையில் இரும்பு நகம், பக்கத்து ஊர், மச்சாளின் சிநேகிதி, ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒருவர் சொன்னது. இடது பக்கத்தில் ஒரே ஒருவர் எழுதினார், சட்டை போடாத ஒரு ஆள் இருட்டில் ஓடினான், பின்னால் பத்துப் பதினைந்து பேர் பொல்லோடு ஓடினார்கள் என்று. அதை அவர் வாசித்து முடித்துவிட்டுத் தானே சொன்னார், “பத்துப் பேர் பொல்லோடு கலைச்சா நானும் ஓடுவன்தானே.” அந்த நேரத்தில் பெண்கள் பட்ட பயம் பொய் என்று இதிலிருந்து வராது, உண்மையாகவே யாரும் தாக்கப்படவில்லை என்றும் வராது. தன்னிடம் இருப்பதில் எவ்வளவு கண்டது, எவ்வளவு கேட்டது என்று ஒருவர் தானே எண்ணிப் பார்ப்பதுதான் பயிற்சி. இதில் முடிவு சொல்லப் போகாதீர்கள்.

இதே தாளை 2018க்கும் பாவிக்கலாம். அந்த வருடம் பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டிக்குள் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்று கதை பரவி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது மாவுக் கட்டி. ஒரு மாத்திரையால் ஒருவரை நிரந்தரமாக மலடாக்க முடியாது என்று மருத்துவர்களும் சொன்னார்கள். மூன்று சமூகமும் அடுத்தடுத்த தெருவில் இருக்கிற நம் ஊரில், வாட்ஸ்அப்பில் வருகிற குரல் பதிவை ‘இது எந்தத் திகதி, எந்த இடம், சொல்கிறவர் யார், அவர் கண்டாரா’ என்று நாலு கேள்வி கேட்காமல் அனுப்பாமல் இருப்பதே பெரிய காரியம். பேய் பிசாசைவிட இதுதான் எனக்கு அவசரமாகத் தெரிகிறது.

நீரோட்டம் பார்ப்பவரைச் சோதிப்பது

இதுதான் எங்கள் வட்டத்தின் மிகச் சிறந்த பின்னேரம், மிக மோசமாகத் தொடங்கியதும் இதுதான், ஆகவே விபரமாக எழுதுகிறேன்.

கிணறு வெட்ட, குழாய்க்கிணறு அடிக்க இங்கே இன்னும் ஆட்களைக் கூப்பிட்டு நிலம் பார்க்கிறார்கள். கவைக்கோல் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், உள்ளங்கையில் தேங்காய் வைத்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் ஏமாற்றுக்காரர் இல்லை, கோல் தானாகச் சாய்வதாக மனதார நம்புகிறார்கள். சாய்வதும் உண்மைதான். கை தனக்குத் தெரியாமலே சின்னச் சின்ன அசைவு செய்யும், இழுவிசையோடு பிடித்த கோல் அதைப் பெரிதாக்கிக் காட்டும். 19ஆம் நூற்றாண்டிலேயே இதை ஆராய்ந்துவிட்டார்கள். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டு தன் எதிர்பார்ப்பின்படியே ஆடுவதையும், கண்ணைக் கட்டினால் ஆட்டம் நின்றுபோவதையும் கண்டார். அதுபோக, நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து மணலில் எங்கே தோண்டினாலும் கொஞ்ச ஆழத்தில் தண்ணீர் வரும். ‘அவர் காட்டின இடத்தில தண்ணி வந்தது’ என்றால், காட்டாத இடத்தில் தோண்டிப் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். அதற்கு யார் காசு செலவழிப்பார்கள்? அதனால்தான் வாளி.

ஒரே நிற, ஒரே அளவு மூடியுள்ள பெயின்ட் வாளி ஐந்து. ஒன்றில் தண்ணீர், மற்ற நாலும் தண்ணீர் இல்லாதவை. எது தண்ணீர் வாளி என்பதைத் தாயக்கட்டை உருட்டித் தீர்மானிக்க வேண்டும் (6 விழுந்தால் திரும்ப உருட்டுங்கள்), மனிதர்கள் ‘சும்மா’ தேர்ந்தெடுத்தால் நடு வாளிக்கும் ஓர வாளிக்கும் ஒரு பழக்கம் வந்துவிடும். வைக்கிறவர் வைத்துவிட்டு அந்த இடத்தை விட்டே போய்விட வேண்டும். எழுதுகிறவருக்கு எது என்று தெரியக்கூடாது. பத்துச் சுற்று.

நாங்கள் முதல் தடவை கடற்கரை மணலில் செய்தோம். வந்தவர் அறுபது வயது தாண்டியவர், எல்லாரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டோம், ஒரு சதம் வாங்காமல் வந்தார். முதல் ஐந்து சுற்றில் நாலு சரி. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சும்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஐந்தில் நாலு சரிவருவது ஏறத்தாழ 150 தடவையில் ஒரு தடவைதான் நடக்கும். ஒருவர் ஏற்கெனவே “அப்ப இருக்குது போல” என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் உயர்தரம் படிக்கிற ஒரு பொடியன் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான், தண்ணீர் வாளி மற்றவற்றைவிட ஒரு விரல் அளவு மணலுக்குள் இறங்கியிருக்கிறது, அதோடு அதைச் சுற்றி மணல் ஈரமாகக் கறுத்திருக்கிறது என்று. ஐயா ஏமாற்றவில்லை, அவருக்கே அது தெரியவில்லை, அவருடைய கண் கண்டதைக் கை சொல்லியிருக்கிறது. தவறு முழுக்க எங்களுடையது.

அடுத்த மாதம் விறாந்தைச் சீமெந்துத் தரையில், வெற்று வாளிகளில் அதே நிறைக்கு மணல் நிரப்பி, எல்லாவற்றையும் துணியால் துடைத்து, மேலே ஒரே பெட்சீட்டை விரித்துச் செய்தோம். பத்துச் சுற்றில் 3 சரி. கோல் இல்லாமல் கண்டபடி சொல்கிற மூன்று பேரில் ஒருவருக்கு 3 அல்லது அதற்கு மேல் வந்துவிடும், ஆகவே இதில் ஒன்றும் இல்லை.

இதிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டியவை: சோதனைக்கு முன்பே எத்தனை சரிவந்தால் வெற்றி என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்க வேண்டும். நாங்கள் 10க்கு 6 என்று வைத்தோம், அதுவும் தற்செயலாக வருவதற்கு ஏறத்தாழ 150இல் ஒன்றுதான் வாய்ப்பு. அடுத்தது, முதலில் மூடாத வாளிகளோடு ஒரு சுற்றுச் செய்ய விடுங்கள். தண்ணீருக்கு மேலே கோல் சாய்கிறதா என்று அவரே பார்த்து ‘ஓம், இன்றைக்கு வேலை செய்கிறது’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தோற்ற பிறகு ‘வாளித் தண்ணி ஓடுற தண்ணி இல்லைத்தானே’ என்று வரும். எங்களிடம் ஐயாவும் அதைத்தான் சொன்னார், நாங்கள் அந்தத் தாளை எடுத்துக் காட்டாமல் தேநீரை நீட்டினோம். அவர் இப்போதும் நிலம் பார்க்கிறார். எங்கள் கூட்டத்துக்கும் வருகிறார்.

சாத்திரப் பின்னேரம்

இது ஆட்களைக் கூட்டும். ஒரு வாரத்துக்கு முன்பு வருகிறவர்களிடம் பிறந்த திகதி, நேரம், இடம் வாங்குங்கள். அன்று ஒவ்வொருவர் பெயரும் எழுதிய கடித உறையில் அவரவர் பலனைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 0 முதல் 5 வரை புள்ளி போடச் சொல்லுங்கள். எல்லாரும் போட்ட பிறகு, தாளைப் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். எல்லாத் தாளிலும் ஒரே பலன்.

பலனை எழுதுவதில்தான் கைவண்ணம் வேண்டும். நாங்கள் எழுதியதில் கொஞ்சம்: ‘நீங்கள் மற்றவர்களுக்குச் செய்த உதவி அதே அளவில் உங்களுக்குத் திரும்பி வந்ததில்லை. கையில் காசு வரும், தங்காது. தாய் வழியிலோ தந்தை வழியிலோ ஒரு மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் இரவில் யோசிப்பீர்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒருவரால் நன்மை உண்டு.’ கடைசி வரிக்கு இலங்கைத் தமிழரில் யார் இல்லை என்று சொல்வார்கள்? பெரும்பாலானவர்கள் 4, 5 போட்டார்கள், ஒருவர் 5க்குப் பக்கத்தில் கூட்டல் குறியும் போட்டிருந்தார்.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1948இல் பேர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் 39 மாணவர்களுக்கு இப்படி ஒரே பலனைக் கொடுத்தார், 5க்குச் சராசரி 4.26 வந்தது. ஆனால் இந்த விளையாட்டு ‘பலன் பொருந்துகிறது’ என்கிற உணர்வை மட்டும்தான் உடைக்கும், சாதகத்தில் ஒன்றுமே இல்லை என்று நிரூபிக்காது. அதற்கு வேறு சோதனை வேண்டும். வானியற்பியலாளர் ஜயந்த் நார்லிகரும் சகாக்களும் 2008இல் மகாராஷ்டிரத்தில் அப்படி ஒன்று செய்தார்கள். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என இரு வகையினரின் சாதகங்களைக் கலந்து சோதிடர்களிடம் கொடுத்து, எது எந்தப் பிள்ளையுடையது என்று கேட்டார்கள். 27 பேர் ஆளுக்கு 40 சாதகம் பார்த்துப் பதில் அனுப்பினார்கள், சரியானவை சராசரியாக 46 வீதம். நாணயம் சுண்டியிருந்தால் 50.

அப்புறம் ஒரு சின்ன வேலை. வாக்கிய பஞ்சாங்கம் ஒன்று, திருக்கணித பஞ்சாங்கம் ஒன்று, இரண்டையும் மேசையில் வையுங்கள். சித்திரை வருடப் பிறப்பு இரண்டிலும் வெவ்வேறு நேரம் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விசயம், எங்கள் வீட்டில் அப்பா ஒன்றுக்கும் பெரியப்பா மற்றதுக்கும் மருத்துநீர் வைப்பார்கள். நட்சத்திரம் மாறுகிற நேரமும் அப்படித்தான் வேறுபடும். அந்த இடைவெளியில் பிறந்த பிள்ளைக்கு எந்த நட்சத்திரத்தை வைத்துப் பொருத்தம் பார்ப்பது என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். கலியாணம் பேசி அனுபவப்பட்டவர்கள் மிச்சத்தைப் பேசுவார்கள்.

நெருப்பும் தந்திரமும்

பிள்ளைகள் வருகிற மாதத்துக்கு இது. மஞ்சள் தூள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் இரத்தச் சிவப்பு, தேசிக்காய் பிழிந்தால் திரும்ப மஞ்சள். ‘தகட்டில் இரத்தம் வந்தது’ கதைகள் பாதிக்கு இது போதும். 1995 செப்டெம்பர் 21 அன்று உலகம் முழுவதும் பிள்ளையார் பால் குடித்தாரே, அதற்குக் கரண்டியும் ஏதாவது கல் சிலையும் போதும், பால் நிரம்பிய கரண்டியின் விளிம்பு தொட்டதும் மேற்பரப்பு இழுவிசை பாலை இழுக்கும், பிறகு அது மெல்லிய படலமாகச் சிலையில் வழிந்துவிடும். வீட்டில் இருக்கிற எந்தக் கல்லும் குடிக்கும், அம்மிக் குழவி உட்பட.

கொண்டீஸ் தூளுக்கு (பொட்டாசியம் பரமங்கனேற்று) மேலே கிளிசரின் விட்டால் சிறிது நேரத்தில் தானாகத் தீப்பிடிக்கும், ‘மந்திரத்தால் ஓமம் மூட்டுவது’. கிளிசரின் பார்க்க நெய் மாதிரியே இருக்கும். இதைச் செய்தால் பெரியவர் ஒருவர் மட்டும், சட்டியில், வெளியில், பக்கத்தில் மணல் வாளியோடு செய்யுங்கள். தூள் அதிகமாகப் போட்டால் பொறி பறக்கும். பறந்தது, என் சாரத்தில் இன்னும் ஓட்டை இருக்கிறது.

இந்த வழியில் நமக்கு முன்னே நடந்தவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் 1898இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பிக்க வந்து, இலங்கையிலேயே இருந்துவிட்டவர். ஏமாற்ற முடியாத நிபந்தனைகளுக்குள் ஓர் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் அந்தக் காசை வாங்கவில்லை. அவருக்குப் பிறகு பிரேமானந்த் என்பவர் இந்தியாவில் ஊர் ஊராகப் போய் இந்தத் தந்திரங்களைச் செய்து காட்டினார். பரிசு அறிவிக்கிற பழக்கத்தை நீங்கள் பின்பற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். காசு வந்தால் பகை வரும், சின்ன ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்.

உயிர் போகிற விசயங்கள்

வருடத்தில் இரண்டு கூட்டமாவது இதற்கு வையுங்கள், தாதி ஒருவரையோ மருத்துவரையோ கூப்பிடுங்கள். நாங்கள் விசகடியில் தொடங்கினோம். ‘எங்கட பரிசாரியிட்ட போனவர்கள் ஒருத்தரும் சாகவில்லை’ என்று சொல்வார்கள், அது பெரும்பாலும் பொய்யும் இல்லை. கடித்த பாம்பு பல நேரம் நஞ்சில்லாதது. நஞ்சுள்ளதும் ஒவ்வொரு கடியிலும் நஞ்சை இறக்குவதில்லை. ஆகவே மந்திரம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பலர் பிழைப்பார்கள், பிழைத்தவர்கள் எல்லாரும் பரிசாரியின் கணக்கில் சேர்வார்கள், புடையன் கடித்தவரைக் கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அந்தச் சாவு ஆஸ்பத்திரியின் கணக்கில் சேரும். இதைக் கரும்பலகையில் பத்துப் புள்ளடி போட்டு விளக்கினால் யாருக்கும் விளங்கும். கையைக் காலை அசைக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும், வெட்டக்கூடாது, உறிஞ்சக்கூடாது. இதைத் தாளில் அடித்துக் கொடுத்து அனுப்புங்கள்.

2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் கொரோனாவுக்குக் காளி கொடுத்த மருந்து என்று ஒரு பாணி காய்ச்சிக் கொடுத்ததும், ஆயிரக்கணக்கில் சனம் போய் நெருக்கி நின்றதும், அப்போதைய சுகாதார அமைச்சரே அதைக் குடித்துக் காட்டிவிட்டு அடுத்த மாதம் தொற்றுக்கு ஆளானதும் எல்லாருக்கும் தெரியும், சிரித்துவிட்டுக் கடந்துபோகாமல் ஒரு கேள்வி வையுங்கள்: அதைக் குடித்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்படியென்றால் அது வேலை செய்ததா? விசகடிக் கணக்கைச் செய்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும் சந்தேகிப்பதுதான் கெட்டித்தனம் என்று நினைக்கிற இளைஞர்கள் வருவார்கள். அவர்களுக்காக 2012 ஏப்ரல் 11ஐ எடுங்கள். சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவு நடுக்கம், சுனாமி எச்சரிக்கை, கரையில் இருந்த நாங்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம், பெரிதாக ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளே ‘சும்மா பயங்காட்டினார்கள்’ என்ற கதை. அந்த நடுக்கத்தில் கடலடித் தட்டு பக்கவாட்டில் நகர்ந்தது, 2004இல் போல மேலெழும்பவில்லை, அதனால் தண்ணீர் பெரிதாகத் தள்ளப்படவில்லை. அதை முன்கூட்டியே நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆகவே ஓடியது சரி. எச்சரிக்கை உண்மையா என்று சந்தேகம் வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்கலாம், ஓடிக்கொண்டே.

வெளியே போகிற மாதம்

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு ஒரு வெப்பமானியோடு போங்கள். ஏழு கிணற்றிலும் அளந்து, அடுத்த வருடம் அதே மாதத்தில் திரும்ப அளந்து ஒப்பிடுங்கள். இராவணன் தாயின் கிரியைக்காக வாளால் குத்திய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், நல்ல கதை, கூடவே மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கிப் பூமியின் சூட்டில் காய்ந்து திரும்ப மேலே வருவதையும் சொல்லுங்கள், இங்கே எரிமலை எதுவும் தேவைப்படவில்லை. அங்கே வேறு வழக்கு வாக்குவாதங்களும் உண்டு. பதாகை, கோசம், குழுப்படம் எதுவும் வேண்டாம். அளந்துவிட்டுக் குளித்துவிட்டு வாருங்கள்.

ஏப்ரல் 12ஆம் திகதி அளவில் திருகோணமலையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், மதியம் 12.06 அளவில் நிமிர்ந்து நிற்கிற கம்புக்கு நிழல் இருக்காது. ஓகஸ்ட் 31 அளவில் இன்னொரு தடவை. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அப்படியே, பகலும் இரவும் சமமாகிற சம இரவு நாள் மார்ச் 20, 21இல் வந்துவிட, மேட ராசிக்குச் சூரியன் ஏன் ஏப்ரல் 14இல்தான் போகிறது என்பதையும் தொடங்கலாம், பூமியின் அச்சு ஏறத்தாழ 72 வருடத்துக்கு ஒரு பாகை நகர்வதிலிருந்து. 2019 டிசம்பர் 26 மோதிரக் கிரகணத்தின் பாதையில் எங்கள் ஊர் இருந்தது, பல வீடுகளில் கர்ப்பிணிகளை அறைக்குள் பூட்டி வைத்தார்கள். அன்று எங்களிடம் வட்டம் இருக்கவில்லை, இருந்திருந்தால் தகுந்த கண்ணாடியோடு அவர்களையும் முற்றத்துக்குக் கூட்டிவந்திருக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

சட்டம் முதலில். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைச் சுதந்திரத்தைத் தருகிறது. அதே நேரம் தண்டனைச் சட்டக்கோவையின் 291அ பிரிவு மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு சொல்வதைக் குற்றமாக்குகிறது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயம்) சட்டத்தில் பிடித்தால் பிணை கேட்டு மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2019இல் ஒரு சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக நாலு மாதத்துக்கு மேல் மறியலில் இருந்தார். ஆகவே கூற்றைச் சோதியுங்கள், வழிபாட்டைப் பகிடி பண்ணாதீர்கள். படம் எடுக்கக்கூடாது, வந்தவர் பெயரை வெளியே சொல்லக்கூடாது. ஆசிரியர்கள், கலியாணம் பேசுகிற வயதுப் பெண்கள், சமயத்தை விட்டதை வீட்டில் சொல்ல முடியாதவர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு இது சும்மா பின்னேரப் பொழுதுபோக்கு இல்லை.

இரண்டாவது எனக்கு நேரே நடந்தது. சாத்திரப் பின்னேரம் முடிந்து சந்தோசமாகக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் பேசாமல் இருந்த ஒரு அம்மா வந்து கேட்டார், “தம்பி, அப்ப அவர் சொன்னதும் பொய்யா?” காணாமல் போன மகனைப் பற்றிச் சாத்திரக்காரர் சொன்னது. உயிரோடு இருக்கிறான், தெற்குத் திசையில் இருக்கிறான், இரண்டு வருடத்தில் வருவான். இரண்டு வருடம் எத்தனையோ தடவை முடிந்துவிட்டது. நான் ஃபோரர், 39 மாணவர் என்று தொடங்கவில்லை. எனக்கு அது தெரியாது அம்மா என்றேன், உண்மையும் அதுதான். மகன் எங்கே என்று பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் சாத்திரக்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு விதி உண்டு: துக்க வீட்டிலும் காணாமல் போனோர் விசயத்திலும் நாங்களாக வாய் திறப்பதில்லை, கேட்டால் தெரியாததைத் தெரியாது என்போம். அந்த அம்மாவிடம் சாத்திரக்காரர் தடவைக்கு எவ்வளவு வாங்கினார் என்று பிறகு இன்னொருவர் மூலம் தெரிந்தது. அந்தக் கோபத்தை நான் வைத்திருக்கிறேன், அந்த அம்மாவிடம் காட்டவில்லை.

மிச்சமெல்லாம் சின்ன விசயங்கள். உண்டியலில் விரும்பியதைப் போடலாம், தேயிலை, சீனி, கடதாசிக்கு அது காணும். ஒருவரே ஒவ்வொரு மாதமும் பேசக்கூடாது, முக்கியமாக நான். ஒரு கொப்பியில் திகதி, கூற்று, எப்படிச் சோதித்தோம், என்ன வந்தது என்று எழுதுங்கள், பிழைத்துப்போன சோதனைகளையும் சேர்த்து. நவம்பர், டிசம்பர் மழையில் இரண்டு பேர் வந்தாலும் நடத்துங்கள். வாளிகளை ஈரமாக அடுக்காதீர்கள், மூடி இறுகிவிடும். முக்கியமாக, எவ்வளவு நல்ல வாக்குவாதம் போய்க்கொண்டிருந்தாலும் 6 மணிக்கு நிறுத்தி, 6.15க்குள் கதிரைகளைச் சுவரோடு அடுக்கிவிட வேண்டும். வீட்டுக்கார அம்மா விளக்கு வைக்கிற நேரம், சாமியறைக்குப் போக அவருக்கு விறாந்தையால்தான் வழி.